புரவியைத் தாங்கும் தோள்கள்

மதுரையைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் ஏதாவது ஒரு குதிரை நம்மைப் பார்த்துவிடுகிறது. கண்மாய்க் கரையில், ஆலமரத்தடியில், வயல் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில், காதை விடைத்துக்கொண்டு, பல் தெரிய, மார்பில் மணிமாலையோடு நிற்கிறது. சில புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருக்கின்றன. சில பல மழை கண்டு, மூக்கு உதிர்ந்து, ஒரு கால் போய், புல்லுக்குள் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. மேலூர் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து நான் எண்ணத் தொடங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்க்க மட்டும் செய்தேன். இத்தனை மண்குதிரைகளை யார் செய்தார்கள், யாருக்காக?

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். எனக்கும் குதிரைகளோடு பழக்கம் உண்டு, உயிருள்ள குதிரைகளோடு. உடற்குறையுள்ளவர்களுக்குக் குதிரையேற்றத்தின் வழியாகச் சிகிச்சை தரும் சங்கம் ஒன்று எங்கள் ஊரில் 1982இலிருந்து நடக்கிறது. வருபவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. நன்கொடையும் தொண்டூழியர்களும்தான் அதன் பலம். அலுவலக வேலை இல்லாத நாட்களில் நான் அங்கே போய்க் குதிரையின் பக்கத்தில் நடக்கிறேன்.

பார்ப்பவர் கண்ணுக்குப் பிள்ளை குதிரை மேல் போவது மட்டும்தான் தெரியும். கீழே நடப்பதுதான் வேலை. முன்னால் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்து நடப்பார். இரு பக்கமும் இருவர். பக்கத்தில் நடப்பவரின் முன்கை பிள்ளையின் தொடைக்கு மேலாகக் குறுக்கே போய்ச் சேணத்தின் முன்விளிம்பைப் பிடித்திருக்கும். சுற்று முடியும்வரை அந்தக் கையை எடுக்கக் கூடாது. பிள்ளை சாயப்போவதைக் கண்ணுக்கு முன்னால் அந்தக் கைதான் அறியும். ஒரு பிள்ளைக்கு மூன்று பேர். ஐந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஏறினால் பதினைந்து பேர் வந்தாக வேண்டும். அதில் இரண்டு பேர் காய்ச்சல் என்று வராவிட்டால் ஒரு பிள்ளை அன்று வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்பும். இதற்காக வாரம் முழுக்கக் காத்திருந்த பிள்ளையின் முகத்தை அப்போது பார்க்க முடியாது.

குதிரை நடக்கையில் அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைகிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். தன் காலால் நடந்தே அறியாத பிள்ளையின் இடுப்புக்கு, நடையின் அசைவை நிமிடத்துக்கு நூறு தடவை போல அந்த முதுகு கொண்டுசேர்க்கிறது. விழாமல் இருக்க வயிறும் முதுகும் ஒவ்வொரு அடிக்கும் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. குதிரையின் உடல் சூடு 38 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், நம்முடையதைவிடச் சற்றுக் கூடுதல். பெருமூளை வாதத்தால் ஒன்றோடொன்று இறுகிக்கொண்ட தொடைகள் அந்தச் சூட்டில், அந்த அகன்ற முதுகில், மெல்ல விலகி இளகுவதை என் கைக்கடியில் உணர்ந்திருக்கிறேன். எல்லாரையும் ஏற்றிவிட முடியாது. கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவர்களையும், டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் கழுத்தெலும்பு உறுதியாக இல்லாதவர்களையும் ஏற்றக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் சேணம்.

இந்த முறைக்கு உலகம் கண் திறந்தது ஒரு பெண்ணால். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு, ஜூபிலி என்ற குதிரையில் வெள்ளி வென்றார். குதிரையிலிருந்து இறங்கவும் பரிசு மேடை ஏறவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் சென்ட் சிர் அவருக்குக் கைகொடுத்தார். 1969இல் பிரிட்டனில் உடற்குறையுள்ளோருக்கான குதிரையேற்றச் சங்கம் உருவானது. சிங்கப்பூரில் பிறந்த லாரென்ஷியா டான் சிறு வயதில் உடற்பயிற்சிச் சிகிச்சையாகக் குதிரை ஏறத் தொடங்கியவர். பெருமூளை வாதமும் செவித்திறன் குறைவும் உள்ளவர். 2008 பாராலிம்பிக்கில் எங்கள் நாட்டுக்கு முதல் பதக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். 2024 அக்டோபரில் கிராஞ்சித் திடலில் கடைசிப் பந்தயம் நடந்து சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிவுக்கு வந்தது. ஓடி ஜெயிக்கும் குதிரைகளுக்கு ஊரில் இடமில்லாமல் போன பிறகும், மெல்ல நடக்கும் குதிரைகள் தேவைப்படுகின்றன.

இந்தப் பழக்கத்தோடு மதுரைக்கு வந்த எனக்குச் சித்ரா பௌர்ணமி விடியற்காலை வேறு மாதிரியாகத் தெரிந்தது. வைகையின் இரு கரையிலும் லட்சக்கணக்கில் சனம். தோல் பையில் தண்ணீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சுகிறார்கள். சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் காட்டுகிறார்கள். அழகர்கோயிலிலிருந்து கள்ளர் வேடத்தில் பல்லக்கில் புறப்பட்டு, வழியெல்லாம் மண்டகப்படி கண்டு, தல்லாகுளத்தில் தங்கக் குதிரைக்கு மாறி வருகிறார் அழகர். அவர் உடுத்தியிருக்கும் பட்டு என்ன நிறம் என்று பக்கத்திலிருந்த பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பச்சைப்பட்டு என்றதும் குலவைச் சத்தம். மழை உண்டு, விளைச்சல் உண்டு.

நான் பார்த்தது குதிரையின் கீழே. தண்டைத் தோளில் தாங்கிய சீர்பாதக்காரர்கள் மணலிலும் நீரிலும் அடி மாற்றி அடி வைக்கிறார்கள். ஒருவர் கால் புதைந்தால் பாரம் அடுத்த தோளுக்குப் போகிறது. மேலே சாமி குலுங்குகிறார், சாய்வதில்லை. அந்தத் தங்கக் குதிரை நடப்பது முழுக்க முழுக்க மனிதக் கால்களில். ஆற்றில் நின்று அதைப் பார்த்தபோது என் முன்கை தானாகவே விறைத்தது, பக்கத்தில் ஒரு பிள்ளை இருப்பது போல.

இந்தச் சமவெளிக்குக் குதிரை வெளியூரிலிருந்து வந்த பொருள். மேலூருக்குத் தெற்கே இருக்கும் திருவாதவூர்தான் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை அவர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி வந்ததும், இரவோடு இரவாகத் திரும்ப நரிகளானதும் இங்கே குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்திக்காட்டுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோவும் குதிரையைத்தான் எழுதினார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்து இறங்கும். பராமரிக்கத் தெரியாததால் ஆண்டு முடிவில் கொஞ்சம்தான் மிஞ்சும். லாடக்காரர்களை இங்கே வரவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொள்வார்கள். சோற்றோடு இறைச்சியைச் சமைத்துத் தீனியாகப் போடுவார்கள் என்கிறது அவருடைய பயண நூல். எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் குதிரை வளர்த்தவர்களுக்கு அந்தச் சாவுகளின் காரணம் புரியும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாமல் குடல் பிசகினால் ஒரே நாளில் போய்விடும். எங்கள் லாயத்தில் சாணி அள்ளுவதும் தொண்டூழியர் வேலைதான். காலையில் சாணியின் அளவும் பதமும் மாறியிருப்பதைக் கண்டு முதலில் குரல் கொடுப்பவரும் அவர்தான். சிகிச்சை மையம் என்றால் பலருக்கும் பிள்ளையின் சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு அடியில் வைக்கோலும் குளம்புச் சீவலும் மருத்துவர் கட்டணமும் மாதம் தவறாமல் இருக்கின்றன. ஆர்வத்தோடு குதிரை வாங்கியவர்கள் இடறுவது பெரும்பாலும் அங்கேதான்.

வைகாசியில் ஒரு கிராமத்தில், நேர்ந்துகொண்ட மண்குதிரைகளைக் கோயிலுக்குச் சுமந்து போகும் புரவி எடுப்பு நடக்கும் என்று கேள்விப்பட்டு, அதற்கு முன்பே அவற்றைச் செய்யும் வேளார் வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். குதிரை செய்யச் சொல்லி ஊர்க்காரர்கள் பிடிமண் கொடுத்து நாளாகியிருந்தது. கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் சேர்த்து மிதித்து வைத்திருந்தார்கள். நான்கு கால்கள் மட்டும் தரையில் நின்றன, உடம்பு இல்லாமல். பெரியவர் ஈரக்கையால் ஒரு காலைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னிக்கு வயிறு ஏத்தலையா ஐயா?”

“கால் காயணும் தாயி. கால் காயாம வயித்த ஏத்துனா குதிர உக்காந்துரும். அவசரப்பட்டா ஆகாது.”

உள்ளே கூடாகத்தான் செய்கிறார்கள். கெட்டியாக இருந்தால் சூளையில் வெடித்துவிடும். ஒரு வளையம் வைத்து, காயவிட்டு, அதன் மேல் அடுத்த வளையம். கழுத்து எழும்புவதற்கே பல நாள். எதற்கெல்லாம் நேர்ந்துகொள்கிறார்கள் என்று கேட்டேன். பிள்ளை வரம், மழை, மாட்டுக்கு நோய், ஆளுக்கு நோய் என்று சொல்லிக்கொண்டே போனார். மூலையில் சின்னச் சின்னக் கைகளும் கால்களும் தொட்டில் பிள்ளைகளும் மண்ணில் செய்து அடுக்கியிருந்தன. எந்தக் கால் சுகமாக வேண்டுமோ அந்தக் கால்.

புரவி எடுப்பு அன்று கொட்டகையிலிருந்து கோயில்வரை வயல் வரப்பு வழியாகத்தான் பாதை. குதிரையைக் கம்புகளில் வைக்கோல் பிரியால் கட்டி, முன்னும் பின்னும் தோள்கொடுத்துத் தூக்கினார்கள். கொட்டுக்காரர்கள் முன்னால். பெண்கள் மதலைப் பொம்மைகளைத் தலையில் சுமந்து பின்னால். துபாயிலிருந்து லீவில் வந்தவரும், கல்லூரிப் பையனும், கொத்தனாரும் ஒரே கம்பில். வரப்பு குறுகிய இடத்தில் ஒருவர் சேற்றுக்குள் இறங்கி நின்று, தோளை உயர்த்திப் பாரத்தை வாங்கிக்கொண்டார். யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. இதைத்தான் நாங்கள் புதிய தொண்டூழியர்களுக்குப் பல வாரம் கற்றுக்கொடுக்கிறோம். இந்த ஊருக்கு அது தோளிலேயே இருக்கிறது.

ஒரு சிகிச்சை மையத்துக்கு வேண்டிய மற்றவையும் இங்கே உண்டு. மதுரையில் சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன, பிசியோதெரபி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். நகரை விட்டு அரை மணி நேரம் போனால் சமதரை கிடைக்கிறது. கோடையிலும் காலை ஆறிலிருந்து எட்டுவரை வெயில் தாங்கும். ஆடி மாதம் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. சிகிச்சைக்கு உயர்ந்த சாதிக் குதிரை வேண்டியதில்லை. சக்கர நாற்காலி பக்கத்தில் வந்தாலும், பிள்ளை திடீரென்று கத்தினாலும் அசையாமல் நிற்கும் நடுவயது மட்டக்குதிரை போதும். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் பல ஆண்டு உழைக்கும். இதை ஆசையாக மட்டும் சொல்லவில்லை. இங்கே இப்படி ஒரு மையம் நடக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கோயிலில் குதிரைகளை வரிசையாக இறக்கி வைத்துக் கண் திறப்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் அப்பத்தா, இடுப்பில் ஆறு வயதுப் பேரன். பெருமூளை வாதம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கால்கள் இறுகி, விரல் நுனி கீழ்நோக்கி இருந்தது. ஆனால் அவர் அவனைத் தூக்கியிருந்த விதத்தைத்தான் நான் கவனித்தேன். தொடைகளைப் பிரித்துத் தன் இடுப்பின் இரு பக்கமும் போட்டு, முதுகை ஒரு கையால் தாங்கி, நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்தார். எங்கள் பிசியோதெரபிஸ்ட் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார்.

“இவனுக்காகத்தான் இந்த வருசம் ஒரு குதிர நேந்தோம்,” என்றார். என்னைப் பற்றி விசாரித்தார். சொன்னேன்.

“நெசக் குதிரையிலயா புள்ளய ஏத்துறீக?”

“ஆமா அப்பத்தா.”

“ஏத்துனா நடந்துருவானா?”

“அப்படிச் சொல்ல முடியாது அப்பத்தா. சாயாம உக்காரப் பழகலாம். தலை நிக்கும். ஊனிக்கிட்டே இருக்குற கை கொஞ்சம் ஒழியும்.”

அவர் பேரனின் கையை எடுத்துப் பார்த்தார். “கை ஒழிஞ்சா தானா எடுத்துத் திம்பானா?”

“அதுக்குத்தான் பாடுபடுறது.”

“எத்தன ஆளு வேணும்?”

“ஒரு புள்ளைக்கு மூணு பேரு. முன்னால ஒருத்தர், பக்கத்துக்கு ஒருத்தர்.”

“இவன் மாமெம் ரெண்டு பேரு அந்தா நிக்கிறாங்கெ. இம்புட்டு நேரம் குதிரையத் தூக்கிட்டு வந்தவங்கெதான். கவுத்தப் புடிக்க இவன் சித்தப்பென் இருக்கான்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “இன்னிக்கு ஒரு நாள் திருவிழான்னு தோள் குடுத்துட்டாங்கெ. வாரா வாரம் வருவாங்கெளா?”

எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு வாரமும் கேட்கப்படும் கேள்வி அது. வருகைப் பட்டியலை வைத்துக்கொண்டு யார் வருவார், யார் வரமாட்டார் என்று முதல்நாள் இரவு வரை தொலைபேசியில் அலைவோம். அதை அவரிடம் சொன்னேன். வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பதற்குக் காரணமும் சொன்னேன்: மூன்று மாதம் ஒரே பிள்ளையின் பக்கத்தில் நடந்தவர்கள், அந்தப் பிள்ளையை வேறு யாரிடமும் விட மனசில்லாமல் வருகிறார்கள்.

அப்பத்தா பேரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏய், இங்கிட்டு வாங்கடா. இந்தப் புள்ள என்னமோ சொல்லுது, வந்து கேளுங்க.”