அக்கா வீட்டு வெந்நீர்க் குழாய்

பள்ளியில் 'ஷோஃபாஜ் சான்த்ரால்' என்று படித்தபோது, பாகூர் வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அது வெறும் சொல். சொல்தா மாமா காலமான பின் சார்செல்லில் தனியாக இருக்கும் அக்கா, பனிக்காலத்தில் என்ன பாடுபடுகிறாரோ என்று கவலை. போய்ப் பார்த்தேன்.

கீழே கொதிகலன். அங்கிருந்து குழாயில் வரும் வெந்நீர், அறைக்கு அறை சுவரோர இரும்புப் பலகையில் சூட்டை விட்டுவிட்டு, ஆறித் திரும்புகிறது. தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். அதனால் இரவெல்லாம் ஒரே இதம். வீட்டுக்குள் புகையில்லை, விறகு தூக்க வேண்டாம். முதிய கைக்கு ஒரு குமிழைத் திருகினால் போதும்.

பழைய யோசனைதான். பிரான்சின் ஷோத்-ஏக் ஊரில் 82 டிகிரி ஊற்றுநீரை 14-ஆம் நூற்றாண்டிலேயே வீடுகளுக்குள் ஓடவிட்டார்கள்.

என் கவலையில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு வெந்நீர் போதாது. பேச ஓர் ஆள் வேண்டும். ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுகிறேன்.