'சுமார்' என்று ஒரு வார்த்தை



போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான். "மாமா, நீங்க சொன்ன '8 தோட்டாக்கள்' பார்த்தேன். சுமார்தான். ஆளு யாருன்னு பாதியிலேயே தெரிஞ்சு போச்சு. அப்புறம் என்ன த்ரில்லர்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது பழகிய குரல்தான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, "எனக்கு வந்துருச்சு சார்" என்று எழுந்து நிற்கும் பையனின் குரல். விடை சரி, வழி எங்கேடா என்று கேட்டால் முழிப்பான்.

2017இல் வந்த அந்தப் படம் ஸ்ரீ கணேஷின் முதல் படம். ஒரு இளம் சப்-இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி தொலைந்துவிடுகிறது. உள்ளே எட்டுத் தோட்டாக்கள். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1949இல் எடுத்த 'ஸ்ட்ரே டாக்' படத்தின் கருதான். ஆனால் எம்.எஸ்.பாஸ்கர் உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்கிறாரே, அது நம் ஊர்க் கதை. வீட்டிலும் வேலை பார்த்த இடத்திலும் யாரும் பொருட்டாக நினைக்காத ஒரு மனிதர். யார் என்பது தெரிந்த பிறகுதான், ஏன் என்ற கேள்வியே தொடங்குகிறது. மருமகன் செல்போனை எடுத்தது அந்த இடத்தில்தானாம்.

அதே ஆண்டு நித்திலன் இயக்கத்தில் 'குரங்கு பொம்மை' வந்தது. சிலை இருக்கும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போகும் அப்பாவாக பாரதிராஜா. 2024இல் 'மகாராஜா'வைக் கொண்டாடிய எத்தனை பேர், அதே இயக்குநரின் இந்த முதல் படத்தைப் பார்த்திருப்பீர்கள்?

இது இன்று நேற்று நடப்பதல்ல. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ்.பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. தமிழில் அப்படி வந்த முதல் படம் அதுதான். முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு வீசிய சமயம் நடக்கும் கதை. வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாக வந்து, அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். முதலில் வெளியானபோது படம் ஓடவில்லை. பாட்டு எங்கே என்று கேட்டவர்கள்தான் அதிகம். இன்று தமிழின் நல்ல படங்களைப் பட்டியல் போட்டால் அதை விடமுடியாது. (பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லவில்லை. பார்த்தவர்களும் கீழே உடைத்துவிடாதீர்கள்!)

இதையெல்லாம் மருமகனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்குச் சுருக்கென்றது. 'சுமார்' என்ற வார்த்தையை அதிகம் எழுதியவன் நான்தானே?

முன்னேற்ற அறிக்கையில் ஆசிரியர் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. நாற்பது, ஐம்பது அட்டைகளை ஒரே மாலையில் எழுதி முடிக்க வேண்டும். நல்லது, சுமார், முயற்சி தேவை. இந்த மூன்றில்தான் என் பேனா ஓடும். ஒரு பையனுக்கு வருடம் முழுக்க 'சுமார்' போட்டேன். முதல் பீரியடில் தூங்கி விழுவான். பத்தாவதோடு நின்றுவிட்டான்.

பல வருடம் கழித்துக் கடைத்தெருவில் அவனே கூப்பிட்டான். சொந்தமாகப் பால்கோவா அடுப்பு வைத்திருந்தான். படிக்கிற காலத்தில் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, அப்பாவோடு அடுப்படியில் நின்று பால் கிண்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவானாம். நான் ஒருநாளும் கேட்டதில்லை. அரைக்கிலோ கட்டிக் கையில் கொடுத்தான். பணம் நீட்டினேன். "வேணாம் சார். நான் கணக்குல சுமார்தானே, எண்ணத் தெரியாது" என்று சிரித்தான்.

அவன் மனதில் குத்தல் இல்லை. விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கோபுரம் தாண்டி வீடு வந்து சேரும்வரை அந்தப் பொட்டலம் கையில் கனத்தது.

படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. எனக்கும் பிடிக்காத படங்கள் நிறைய. முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். படத்துக்கு இரண்டரை மணி நேரம் போதும். மனுஷனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

மருமகன் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். யாரும் அதிகம் பேசாத, ஆனால் உங்களுக்குப் பிடித்த த்ரில்லர் எது? கீழே எழுதுங்கள். இந்த முறை யாருக்கும் 'சுமார்' போடமாட்டேன்.