திட்டு பொறுக்குதல்

சென்னை எலியட்ஸ் பீச், காலை. நடைபாதை ஓரம் மேஜை போட்டு சுகர் டெஸ்ட். விரலை நீட்டிவிட்டு எல்லோரும் கடல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

பக்கத்திலேயே அருகம்புல் சாறு.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் வருவது கணையத்திலிருந்து. கணையம் நூறு கிராமுக்குள்தான். இன்சுலின் சுரக்கும் திட்டுகள் அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. மீதியில் பெரும்பங்கு செரிமான நீர் சுரக்கும் சதை. ஆய்வுக்காக வெளியே எடுத்த கணையத்தில் அந்த நீர் கசிந்தால் திட்டுகளையே அரித்துவிடும்.

1869, பெர்லின். திட்டுகளை முதலில் பார்த்து எழுதிய பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது மாணவர். அவை எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

  

1967. லேசி, கோஸ்டியனோவ்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் கணையத்தை உப்பவைத்து, நறுக்கி, கொலாஜினேஸ் என்னும் நொதி சேர்த்து, 37 டிகிரியில் வைத்துக் குலுக்கினார்கள். திட்டுகள் முழுசாக வந்தன.

கொலாஜினேஸ் வருவது சதையைக் கரைக்கும் ஒரு பாக்டீரியாவிலிருந்து. நேரம் கூடினால் திட்டும் சிதையும். குறைந்தால் ஒட்டிய சதையோடு வரும்.

அடர்த்தி வாரியாகப் பிரிக்க ஃபிகால் கரைசல். சுக்ரோஸைக் கோத்துச் செய்தது. சர்க்கரையேதான்.

டித்திசோன் சாயம் போட்டால் திட்டு மட்டும் சிவக்கும். திட்டில் இன்சுலின் சுரப்பது பீட்டா செல். அதில் இன்சுலினோடு துத்தநாகம் இருக்கிறது, அதனால். பிறகு நுண்ணோக்கியில் கண் பதித்து, பிப்பெட்டால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதுபோல. ஒரு திட்டு சராசரி 0.15 மில்லிமீட்டர்.

பொறுக்கியதும் சுத்தமா? இல்லை. மனிதத் திட்டில் பீட்டா செல் பாதிக்குச் சற்று மேல். சுண்டெலியில் சுமார் முக்கால் பங்கு.

சுண்டெலியில் பீட்டா நடுவில், குளுக்ககான் சுரக்கும் ஆல்ஃபா செல் சுற்றிலும். மனிதரில் கலந்து கிடக்கும்.

பிரஸ்ஸல்ஸில் பிப்பெலீர்ஸ் குழு செல்களின் சொந்த ஒளிர்வை வைத்தே எலியின் பீட்டாவைத் தனியே பிரித்தது. தனித்து நின்ற பீட்டா, குளுக்கோஸ் கொடுத்தும் மந்தமாகவே சுரந்தது. ஆல்ஃபாவின் குளுக்ககானைச் சேர்த்ததும் சுறுசுறுப்பு. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறெதுவும் படிக்கவில்லை.

கேரளத்திலும் நம் பக்கத்திலும் கணையத்துக்குள்ளேயே கல் விழும் ஒரு நீரிழிவு உண்டு. சதை நார்நாராக இறுகிவிடும். அதற்குள் இருந்தும் திட்டு எடுக்க வேண்டியிருக்கிறது.

சென்னை கோபாலபுரத்து நீரிழிவு மருத்துவர் மோகன் குழு முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு, 2023: இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு.

இத்தனை பேரைத் தொடும் விஷயம். அதனால் 'பீட்டா செல்லில் கண்டோம்' என்று எந்த ஆய்வு சொன்னாலும் இரண்டு விஷயம் பாருங்கள். எலியா, மனிதரா? நூற்றுக்கு எத்தனை பீட்டா? இரண்டையும் சொல்லாத முடிவை நான் நம்பமாட்டேன்.