மணியின் தட்டு

சிலிம் ரிவரில் என் அப்பா தனியாக வாழ்கிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அம்மா மறைந்த பிறகு அவருக்குத் துணையாக இருப்பது மணி என்னும் ஐந்து வயது நாட்டு நாய். நான் வேலையின் காரணமாகப் புத்ராஜெயாவில் இருக்கிறேன். மாதத்திற்கு ஒரு முறைதான் ஊருக்குச் செல்ல முடிகிறது.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை வீட்டிற்குச் சென்றேன். வழக்கமாக வாசலுக்கு ஓடிவரும் மணி, அன்று படுத்த இடத்திலிருந்தே வாலை ஆட்டியது. எழுந்து இரண்டு படி ஏறுவதற்குள் அதற்கு மூச்சிரைத்தது. “வயசாகுது, வேறென்ன!” என்றார் அப்பா. ஐந்து வயது ஒரு நாய்க்கு முதுமை அன்று. அன்றே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

மருத்துவர் மணியை எடைபோட்டார். 21 கிலோகிராம். அதன் உடல்வாகிற்கு 15 கிலோகிராமே போதும் என்றார். பிறகு அதன் விலாவில் விரல்களை வைத்து மெல்ல வருடினார். நல்ல உடல்நிலையில் உள்ள நாயின் விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியமாட்டா. ஆனால், தொட்டால் கைக்குத் தட்டுப்படும். மணியின் விலாவில் கொழுப்புதான் தட்டுப்பட்டது.

“ஐயா, மணி தினமும் என்ன சாப்பிடும்?” என்று கேட்டார்.

அப்பா பெருமையோடு அடுக்கினார். காலையில் பருப்புக் கறியில் தோய்த்த பாதி ரொட்டி சானாய். டின் பால் ஊற்றிய தேநீர். மதியம் குழம்புச் சோறு. மாலையில் பிஸ்கட். இரவில் மறுபடியும் சோறு. அதனோடு கோழி எலும்பு.

மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். “இவ்வளவு பாசமாக வளர்க்கிறீர்கள். ஆனால், இதில் பாதி உணவு மணிக்கு ஆகாதது, ஐயா,” என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா பேசவில்லை. வீட்டை நெருங்கும்போதுதான் வாய் திறந்தார். “தோட்டத்துல எத்தனை நாய் வளர்த்தோம்! எல்லாம் சோத்துலதான் வளர்ந்துச்சு. நாய்க்குச் சோறு போட எனக்குச் சொல்லித் தரணுமா?”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஓநாய்களின் வழிவந்த நாய்கள், பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து அவன் உணவுக்குப் பழகியவை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மாவுச் சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு, ஓநாயிடம் இரண்டு படிகளே உள்ளது. நாய்களிடமோ அது பல மடங்கு பெருகியுள்ளது. ஆகவே, சோறு நாய்க்கு நஞ்சன்று.

ஆனால், சோறு மட்டும் போதாது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்த அளவின்படி, வளர்ந்த நாயின் உணவில், ஈரப்பதம் நீங்கலாக, குறைந்தது 18 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும். குட்டிகளுக்கு 22.5 விழுக்காடு தேவை. வெறும் சோற்றில் அதில் பாதிகூட இல்லை. இறைச்சியை மட்டும் கொடுப்பதும் தவறே. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச் சத்து குறைவு. அதை மட்டுமே தின்று வளரும் குட்டியின் எலும்புகள் வலுவிழந்துவிடும்.

நம் வீட்டுக் குழம்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நாம் தாளிப்பதில்லை. அவை இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச் சோகையை உண்டாக்கும். சாக்லெட், திராட்சை, உலர்ந்த திராட்சை ஆகியவையும் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கக்கூடும்.

மேலும், தோட்டத்து நாய்கள் விடியற்காலையில் அப்பாவோடு நிரை நிரையாக நடந்தவை. அணிலைத் துரத்தியவை. மணியோ வாசலைத் தாண்டுவதில்லை. சோறு மாறவில்லை, வாழ்க்கை மாறிவிட்டது.

மருத்துவர் புதிய முறையை எழுதித் தந்திருந்தார். உறையில் ‘முழுமையான, சரிவிகித உணவு’ என்று குறிக்கப்பட்ட, வளர்ந்த நாய்களுக்கான உணவு. காலையிலும் மாலையிலும் கோப்பையால் அளந்து தர வேண்டும். பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஏழு நாள்களில் முழுமையாக மாற்ற வேண்டும். இடையில் தரும் தின்பண்டம் நாளொன்றுக்குத் தேவையான ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. உப்பில்லாமல் அவித்த பூசணியோ கேரட்டோ கொஞ்சம் தரலாம்.

அடுத்த மாதம் சென்றபோது மணியின் எடை குறையவில்லை. மறுநாள் விடியற்காலையில் காரணம் தெரிந்தது. பின்வாசலில் அப்பா, ரொட்டி சானாயைப் பிய்த்து மணிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

“என்னப்பா இது?” என்றேன்.

அப்பா தலை நிமிரவில்லை. “உங்கம்மா போன பிறகு, இந்த வீட்டுல நான் சாப்பாடு போட வேற யாரு இருக்கா?”

என்னிடம் பதில் இல்லை. மாதம் ஒரு நாள் வந்து, அறிவுரை சொல்லிவிட்டுப் போகும் பிள்ளை நான். மற்ற நாள்களிலெல்லாம் அவரோடு சேர்ந்து சாப்பிட்டது மணிதான்.

சிறிது நேரம் கழித்து, அவர் அருகில் அமர்ந்து ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வளர்த்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒரு நாய்க்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவளித்தார்கள். 2002ஆம் ஆண்டு முடிவு வெளியானது. குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன.

“ரெண்டு வருசமா?” என்று கேட்டார் அப்பா. மணியைப் பார்த்தார். கையில் இருந்த ரொட்டியை மடித்துத் தட்டில் வைத்தார்.

அன்று முதல் அவர்கள் இருவரும் காலையில் இரயில் நிலையம் வரை நடக்கிறார்கள். மாலையில் மணிக்கு உணவை அளந்து வைத்துவிட்டு அப்பா என்னை அழைப்பார். “ஒரு கோப்பைதான் போட்டேன்,” என்பார். பிறகு, அவர் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்பேன். முன்பெல்லாம் நான் அதைக் கேட்டதே இல்லை.

ஆறு மாதத்தில் மணியின் எடை 17 கிலோகிராமாகக் குறைந்தது. இன்னும் இரண்டு குறைய வேண்டும்.

வளர்க்கும் விலங்குக்கு ஏற்ற உணவைத் தருவது உரிமையாளரின் கடமை என்று நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கூறுகிறது. அப்பா அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. நம்மிடம் மீந்ததைப் போடுவது வேறு, அதற்கு வேண்டியதை அறிந்து போடுவது வேறு என்பதை மணியின் தட்டிலிருந்து அவர் கற்றுக்கொண்டார். நானும்தான்.