படிக்கல்லும் நிறுக்கப்படும்

மார்கழி இரவில் பினாங்குக் கோட்டைக் கடற்கரையில் நின்று அண்ணாந்து நோக்குவோர் ரோகிணி நட்சத்திரத்தைக் காண்பர். அதற்குச் சற்றுத் தொலைவில், வெறுங்கண்ணுக்குப் புலனாகாத நண்டு நெபுலா என்னும் புகைத்திரள் ஒன்றுண்டு. அது வெடித்துச் சிதறிய நட்சத்திரமொன்றின் மிச்சம். நம் அண்டை வீட்டாராகிய சீனரின் முன்னோர் 1054-இல் அவ்வெடிப்பைக் கண்டு 'விருந்தாளி நட்சத்திரம்' என்றனர். 23 நாட்கள் பகலிலும் அது தெரிந்ததெனக் குறித்து வைத்தனர்.

அத்திரளின் நடுவே பல்சார் எனப்படும் விண்மீன் விநாடிக்கு 30 முறை சுழல்கின்றது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீட்டரே. நம் தீவை ஒத்தது எனலாம். அது வீசும் மின்துகட் காற்றால் நெபுலா ஒளிர்கின்றது. அவ்வொளி மாறாதென நம்பிய வானநூலார், ஏனைய எக்ஸ் கதிர்ப் பொருள்களை 'இத்தனை நண்டு' என்றே அளந்தனர். தமிழகத்து உதகமண்டலத்திலும் 1970-களில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் கண்ணாடிகளை நிறுத்தி அதன் காமாக் கதிரைத் தேடினர்.

2010 செப்டம்பரிலோ, இத்தாலியரின் அஜிலே, அமெரிக்கரின் ஃபெர்மி என்னும் விண்கலங்கள் அக்காமாக் கதிர் திடீரெனப் பொங்கக் கண்டன. 2011 ஏப்ரலில் அது வழக்கத்தினும் ஏறத்தாழ 30 மடங்காயிற்று. எக்ஸ் கதிரும் 2008 முதல் ஈராண்டுகளில் ஏறத்தாழ 7 சதவிகிதம் குறைந்தமை, பல கருவிகளை ஒத்துப் பார்த்ததில் வெளிப்பட்டது. காந்த விசைக் கோடுகள் முறுகி, அறுந்து, மீண்டும் கூடுவதே பொங்கலுக்குக் காரணமெனப் பலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும், படிக்கல்லே கூடிக் குறைந்தது!

இதனைப் படிக்குங்கால் நமக்கு அன்னையார் நினைவு வந்தது. அவர் அக்கரைத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். ஒருநாள் நிறுவையில் பால் குறையக் கண்டு, "ஐயா, கல்லை ஒருதரம் பாருங்கள்" என்றார். "கல் பொய் சொல்லுமா? நீதான் வழியில் சிந்தியிருப்பாய்" என்றார் கிராணியார். அருகே நின்ற சிறுவராகிய நாமும் கல்லை நம்பினோம், அன்னையை ஐயுற்றோம். அவ்வையம் இன்றும் நம் நெஞ்சை அறுக்கின்றது.

வானநூலார் தம் படிக்கல்லை நிறுத்துப் பார்க்க நாணவில்லை. தம் கணக்கைத் தாமே திருத்தினர். அதனால் அவர்தம் கலைக்கு இழுக்கு நேரவில்லை, புதிய ஆராய்ச்சிக்கு வழியே பிறந்தது. ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ளதை ஐயுற்று அளக்க மனிதனுக்கு உரிமையுண்டெனில், கைக்கெட்டும் தூரத்திலிருந்த கல்லை அளக்கக் கேட்ட கூலிப்பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லாது போனதேன்?