பினாங்கில் ஒரு வருடக் குடித்தனம்

பட்டர்வொர்த்தில் படகு ஏறினால் கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன் வந்துவிடுகிறது. பினாங்குத் தீவின் தலைநகரம் இது. மலாக்காவோடு சேர்த்து 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த ஊர். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்த அலுப்பெல்லாம் அந்தக் கடல் காற்றில் பறந்து போயிற்று. கரையில் இறங்கியதும் ஒரு தமிழ் அம்மாள், "பசியாறிட்டீங்களா?" என்று வாய் நிறையக் கேட்டார். "சாப்பிட்டாச்சா?" என்று நாம் கேட்பதைத்தான் அங்கே அப்படிக் கேட்கிறார்கள்.

2025 ஜூன் மாதம், தங்கை வீட்டில் மூன்று வாரம் ஒத்தாசையாக இருந்துவிட்டு வரத்தான் போயிருந்தேன். அவள் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றுக்குத் திருச்சியில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்தவள். இப்போது அதே வேலையை, புருஷன், நாலு வயசுக் குழந்தையோடு பினாங்குக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இதற்கென்றே ஒரு விசா இருக்கிறது. டிஜிட்டல் நோமாட் விசா என்று பெயர். நோமாட் என்றால் நாடோடி. "நாடோடி விசாவா? நம்ம வீட்டுப் பொண்ணுக்கா?" என்று எங்கள் அத்தை முகவாயில் கையை வைத்துக்கொண்டார்!

பயப்பட ஒன்றுமில்லை. போகிற நாட்டில் வேலை தேடுவதற்கான விசா அல்ல இது. கையில் இருக்கிற வெளிநாட்டு வேலையை லேப்டாப்பில் சுமந்துகொண்டு போய், அங்கே குடியிருந்து செய்வதற்கான அனுமதி. கொரோனா வந்த 2020-ல் பார்படோஸும் எஸ்டோனியாவும் இப்படி விசா கொடுக்க ஆரம்பித்தன. பிறகு பல நாடுகள் பின்தொடர்ந்தன. மலேசியா 2022-ல் தொடங்கிய திட்டத்துக்கு 'டி ரந்தாவ்' என்று பெயர்.

இத்தனை நாட்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? தங்கை வீட்டுக்காரருக்குப் போர்ச்சுகல் மேல் ஆசை. படத்தில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் அங்கே குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் நாலு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ. அதைவிடப் பெரிய சங்கடம் கடிகாரம். சிங்கப்பூரில் காலை 9 மணி என்றால் லிஸ்பனில் குளிர்காலத்தில் நடு இரவு 1 மணி, கோடையில் 2 மணி. "ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு வேலை பார்த்துட்டு, பகல்ல குழந்தையை யார்க்கா பார்க்கிறது?" என்றாள் தங்கை. அத்தோடு போர்ச்சுகல் பேச்சு நின்றது.

தாய்லாந்து 2024 ஜூலையில் ஒரு விசா கொண்டுவந்தது. ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு முறை போகும்போதும் 180 நாள் இருக்கலாம். கட்டணம் 10,000 பாட். மாதச் சம்பளத்தைவிட, கையிருப்பாக 5 லட்சம் பாட் காட்ட வேண்டும் என்பதுதான் முக்கியம். வீடு கட்டிய கடன் இருப்பவர்களுக்கு அது எட்டாக் கனி.

மலேசியாவில் அப்படியில்லை. கணினித் தொழில் சார்ந்த வேலை என்றால் வருடத்துக்கு 24,000 டாலர் வருமானம் காட்டினால் போதும். 2024-ல் மற்ற வேலைக்காரர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். அவர்களுக்கு 60,000 டாலர். மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை கொடுத்து, இன்னொரு பன்னிரண்டு மாதம் நீட்டிக்கிறார்கள். விண்ணப்பக்காரருக்கு 1,000 ரிங்கிட், கூட வருகிற ஒவ்வொருவருக்கும் 500 என்று மூன்று பேருக்கு 2,000 ரிங்கிட் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மணி!

அந்த ஒரே மணியின் அருமையை நேரில் பார்த்தேன். திருச்சியில் இருந்தபோது காலை ஆறரைக்கே அவள் வேலையில் உட்கார வேண்டும். குழந்தை தூங்கி எழுந்து அழும். பாதிப் பேச்சில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். இங்கே குழந்தையைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டிவிட்டு 9 மணிக்கு உட்காருகிறாள். ஆறு மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டு மூவரும் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் ஒரு பக்கம் நிறைந்தால் ஒரு பக்கம் குறையத்தானே செய்யும்? தங்கை வீட்டுக்காரர் திருச்சியில் கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். துணையாக வருகிறவர் அங்கே கம்பெனி எதிலும் வேலைக்குச் சேர முடியாது. பகலில் குழந்தையைப் பார்ப்பது, மார்க்கெட் போவது எல்லாம் அவர்தான். "ஒரு வருஷம் அவ சம்பளத்துல இருக்கேன் அண்ணி, அதனாலென்ன?" என்று சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் இரண்டு மாதம் வீட்டில் பேச்சு நடந்தது எனக்குத் தெரியும். பெரும்பாலும் இந்த இடத்தில் நிற்பது பெண்கள்தான். கணவருக்கு விசா வருகிறதென்று தன் வேலையை விடப் போகிற சகோதரிகள், திரும்பி வந்தால் அது கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டுமே! குட்டி இந்தியா என்கிற தெருக்களில் முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கின்றன. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-ல் எழுந்தது. கொஞ்ச தூரத்திலேயே தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஏறிவிட்டேன்! மின்சாரம் நம் ஊரைப் போலத்தான் என்பதால் கொண்டுபோன கிரைண்டர் ஓடுகிறது. ஆனால் பிளக் வேறு. மூன்று தட்டையான முனைகள் உள்ளது. அதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வைத்தியத்துக்குப் பேர் போன ஊர் இது. இந்தோனேசியாவிலிருந்துகூட நோயாளிகள் வருகிறார்கள். ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் செலவு கைக்காசு. அரசு ஆஸ்பத்திரியிலும் வெளிநாட்டினருக்குக் கட்டணம் அதிகம். காப்பீடு எடுக்கும்போது குழந்தையின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் போனது சுற்றுலாப் பயணியாக. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதி கொடுத்தார்கள். பிறகு 2026 கடைசி வரை நீட்டித்தார்கள். 'இப்படியே போய் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்?' என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பார்வையாளர் அனுமதி வேலைக்கானதல்ல. கைக்குழந்தையோடு அயல்நாட்டில் அதிகாரிகள் முன்னால் நிற்கும் நிலைமை நமக்கு வேண்டாம்.

கிளம்புகிறவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். கம்பெனியிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். வருடத்தில் 182 நாள் மலேசியாவில் தங்கினால் வரிக் கணக்கில் அந்த ஊர்வாசி ஆகிவிடுவோம். இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு என்றாலும், ஆடிட்டரைப் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள். நம் இனிஷியல் பழக்கமும் கவனிக்க வேண்டியது. தங்கையின் கல்யாணச் சான்றிதழில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக! அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் போயிற்று. இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கொட்ட வேண்டியதில்லை. விதிகளும் கட்டணமும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்த அரசாங்கம் சொல்வதையே நம்புங்கள்.

நாட்டின் அழகை நாலு நாளில் பார்த்து முடித்துவிடலாம். ஐந்தாம் நாள் காலையில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, குழந்தை யார் கையில் இருக்கும், காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கிற ஊருக்கு விசா கேளுங்கள்.