எண்ணூறுக்கு என்ன விலை?

பழைய கார் என்ஜின் போச்சுன்னா ரிப்பேர் பண்றதா, ஸ்கிராப்புக்குப் போடறதா? இந்தக் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் வச்சிருக்காங்க. எங்க வீட்டு மாருதி 800-க்காக நான் ஒரு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டதை இங்க எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவினா சந்தோஷம்.

முதல்ல வண்டியைப் பத்தி. 2005 மாடல், 796 சிசி, மூணு சிலிண்டர். 1983 டிசம்பர்ல முதல் 800 வெளிவந்தது. 2010 ஏப்ரல்ல பிஎஸ்-4 விதி வந்தப்ப சென்னை மாதிரி பெருநகரங்கள்ல விற்பனை நின்னது, 2014-ல உற்பத்தியே நின்னுபோச்சு. எங்கப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடை கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். ஜார்ஜ் டவுன்ல நெருக்கியடிச்சுக்கிட்டு நடந்த இரும்பு மொத்த வியாபாரத்தை இடம் மாத்தறதுக்காக சிஎம்டிஏ கட்டின மார்க்கெட் அது. அங்க சம்பாதிச்ச காசுல அவர் வாங்கின ஒரே வண்டி இது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் மழை. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. அதுலயும் வடசென்னைக்குன்னு ஸ்பெஷலா கச்சா எண்ணெய் வேற கலந்து வந்தது. வண்டி ரெண்டு நாள் முழுகி நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் அப்பா முதல் வேலையா பேட்டரி ஒயரைக் கழட்டினார், சாவியைத் தொடவே இல்லை. அதுதான் சரியான வழி. சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. தெரியாம ஸ்டார்ட் பண்ணா மேல வர்ற பிஸ்டன் தண்ணியில மோதி கனெக்டிங் ராடு வளைஞ்சுடும்.

ஆனா ஊரே தண்ணியில இருந்தப்ப மெக்கானிக் எங்க கிடைப்பார்? அவர் வர்றதுக்குப் பத்து நாள் ஆச்சு. பிளக்கைக் கழட்டினா உள்ள சேறும் எண்ணெயும். போர் துருப்பிடிச்சு, ரிங் ஒட்டிக்கிட்டு, கிராங்கு அசையவே இல்லை.

"தம்பி, ரெண்டு வழி கீது. ரீபோர் பண்ணி புது பிஸ்டன், பேரிங் எல்லாம் போடணும்னா நாப்பது ரூபா ஆவும். இல்லாங்காட்டி புதுப்பேட்டைல பழைய என்ஜின் இருபதுக்கு வாங்கி மாட்டிடலாம்."

(ரூபான்னா ஆயிரம்னு அர்த்தம், வெளியூர்க்காரங்க கவனிக்க :-))

இன்சூரன்ஸ்? பழைய வண்டிக்கு எல்லாரும் போடற மாதிரி தேர்ட் பார்ட்டி மட்டும்தான். வெள்ளத்துக்கு அதுல ஒத்தப் பைசா வராது.

சாஃப்ட்வேர்காரன் இல்லையா, உடனே எக்செல் ஷீட்டைத் திறந்தேன். என் நண்பர்கள் எல்லாரும் சொன்ன சூத்திரம்: ரிப்பேர் செலவு வண்டியோட மார்க்கெட் விலையைத் தாண்டினா தூக்கிப் போடு. எனக்கு இதுல உடன்பாடில்லை. வண்டியை விக்கறவனுக்குத்தான் மார்க்கெட் விலை முக்கியம். ஓட்டறவன் கேக்க வேண்டியது, இது இல்லைன்னா இதே வேலையைச் செய்ய எனக்கு எவ்வளவு ஆகும்ங்கறதுதான். அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. பகல்ல ஷேர் ஆட்டோ பிடிச்சு விம்கோ நகர் போனா மெட்ரோ இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சு வலின்னா? கன்டெய்னர் லாரிங்க வரிசைகட்டி நிக்கற ரோட்டுக்குள்ள எந்த ஆட்டோ வரும்? அந்தக் கணக்குல நாப்பதாயிரம் ஒண்ணும் பெரிசில்லை. ரிப்பேர்னு முடிவே பண்ணிட்டேன்.

புதுப்பேட்டை என்ஜினை மட்டும் வேணாம்னு ஒதுக்கினேன். அதோட பூர்வீகம் யாருக்கும் தெரியாது. பில் வேணும், ஆர்சி புக்குல என்ஜின் நம்பரை மாத்தணும். இல்லைன்னா நாளைக்கு எஃப்சி-ல நிக்கும்.

அப்பதான் மெக்கானிக் உள்ளே இருந்த கார்ப்பெட்டைத் தூக்கினார். டிரைவர் சீட் போல்ட் பக்கத்துல ஸ்க்ரூடிரைவரை வச்சு லேசா அழுத்தினார். அது தரைக்கு வந்துடுச்சு.

கதை அங்க மாறிப்போச்சு. லாரிக்கு இருக்கற மாதிரி இந்தக் காருக்குத் தனியா சேஸிஸ் கிடையாது. பாடிதான் எலும்புக்கூடே. தளம் துருப்பிடிச்சா சீட்டு, பெல்ட், சஸ்பென்ஷன் எதுக்கும் பிடிமானம் இல்லை. இருபது வருஷமா உப்புக் காத்து தின்னதுல மிச்சத்தை வெள்ளம் தின்னுடுச்சு. என்ஜினை மாத்திடலாம், பாடியை? பேட்ச் அடிச்சு வெல்டிங் வைக்கலாம்தான். ஆனா அந்த வண்டியில அம்மாவை உக்கார வச்சு எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல நாப்பதடி டிரெய்லருக்குப் பக்கத்துல ஓட்ட எனக்கு மனசு வரல.

அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "டெல்லி மாதிரி இங்க பதினஞ்சு வருஷம் ஆனா ஓட்டக்கூடாதுன்னு சட்டம் இல்லையேடா"ன்னார். உண்மைதான். தமிழ்நாட்டுல சொந்த கார் எஃப்சி-ல தேறிட்டா அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். ஆனா 600 ரூபாயா இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, இருபது வயசு தாண்டின கார்களுக்கு 10,000 ஆக்கிட்டாங்க. காசை விடுங்க, அந்தத் தளத்தோட எஃப்சி-ல எப்படித் தேறும்?

"சரி, நீ சொல்றதும் நியாயம்தான். ஆனா புரோக்கர்கிட்ட குடுக்காத"ன்னார். அதுவும் சரி. ஆர்சி ரத்தாகாத வண்டியோட நம்பர் எந்தத் திருட்டு வண்டியில போய் ஒட்டும்னு தெரியாது, போலீஸ் நம்ம வீட்டுக்குத்தான் வரும். 2021-ல வந்த விதிப்படி அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் யூனிட்ல குடுத்தா டெபாசிட் சர்டிபிகேட் தர்றாங்க. அதை வச்சு ஆர்சி-யை ரத்து பண்ணிக்கலாம். வண்டி மேல லோன், அபராத பாக்கி எதுவும் இருக்கக்கூடாது.

யூனிட்டுக்கு அப்பாவும் வந்தார். வண்டியை எடைமேடையில ஏத்தினாங்க. டயரு, சீட்டு, சேறுன்னு அறுபது கிலோ கழிக்கணும்னான் அங்க இருந்த பையன். முப்பது வருஷம் எடை போட்ட மனுஷன்கிட்டயா! "தம்பி, சேறு உலந்து ஒரு மாசம் ஆச்சு. டயருக்கும் சீட்டுக்கும் முப்பத்தஞ்சு கழி, போதும்"னு கறாரா நின்னு ஜெயிச்சுட்டார். கடைசியில கைக்கு வந்தது பதினெட்டாயிரத்துச் சொச்சம். சீட்டை வாங்கி ரெண்டு தடவை படிச்சுப் பார்த்து சட்டைப் பையில வச்சுக்கிட்டார். திரும்பி வர்ற வழியில ஒரு வார்த்தை பேசல.

இந்தப் பக்கத்து இரும்புக் கழிவு நிறைய கும்மிடிப்பூண்டி உலைகளுக்குப் போய் உருகி, கம்பியாகி, சாத்தாங்காடு மார்க்கெட்டுக்கே திரும்ப வரும். அதையும் அப்பாதான் சொன்னார்.

இப்ப ஒரு செகண்ட் ஹேண்ட் வேகன் ஆர் வச்சிருக்கோம். வாங்கப் போனப்ப எல்லாரும் பானெட்டைத் திறந்து காட்டினாங்க. அப்பா நேரா குனிஞ்சு கார்ப்பெட்டைத்தான் தூக்கிப் பார்த்தார். நாலு வண்டியை வேணாம்னுட்டு அஞ்சாவதுக்குத்தான் தலையை ஆட்டினார். நீங்களும் என்ஜின் எஸ்டிமேட் வாங்கறதுக்கு முன்னாடி அதைத் தூக்கிப் பாத்துடுங்க.